அழுகிற பிள்ளையை வெளியே அனுப்பாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை நம் யாங்கோன் கோயிலின் தமிழ்ப் பூசையில், கைக்குழந்தை அழுத ஒரு தாய்க்கு நடந்தது நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப விவரித்து அந்தப் பெண்ணை இன்னொரு முறை கூனிக்குறுக வைக்க எனக்கு மனமில்லை. ஆனால் நாலு நாளாக வைபர் குரூப்பில் வருவதைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கவும் முடியவில்லை. "மைக்கில் சொன்னதில் என்ன தப்பு?" என்று கேட்கிறீர்கள். தப்புத்தான். பிரசங்கத்துக்கு நடுவே "குழந்தை அழுதா அம்மாமார் வெளியே போய் நில்லுங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னது தப்பு. அதையே எழுதி வாசலில் ஒட்டியது அதைவிடப் பெரிய தப்பு.

அந்தத் தாய் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற தல்லாவிலிருந்து வருகிறாள். வீட்டுக்காரர் மலேசியாவில். இடுப்பில் ஆறு மாதக் குழந்தை, கையில் மூணு வயசுப் பையன். படகில் ஆற்றைக் கடந்து, பன்சோடான் துறையில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துக் கோயிலுக்கு வந்து சேர வேண்டும். காலையில் பிள்ளை கன்னத்தில் வட்டமாகப் பூசிய தனாக்கா மரப்பட்டைச் சாந்து, கோயிலுக்குள் நுழையும்போது வேர்வையில் கரைந்து கழுத்துவரைக்கும் இறங்கியிருந்தது. பக்கத்து பெஞ்சில் இருந்த நான் பார்த்தேன். அன்றைக்கும் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரில் மைக்கும் முன்னால் இருக்கிற இரண்டு ஃபேனும்தான் ஓடின. பின்னால் உட்கார்ந்த பெரியவர்களே பாட்டுத்தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தார்கள். ஆறு மாதக் குழந்தை அழாமல் என்ன செய்யும்?

அவள் எழுந்து போனாள். நானும் கூடப் போய்ப் பெரியவனைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் நற்கருணை எடுக்கவில்லை. வெளியே அனுப்பியது அழுகையை என்று நினைக்கிறீர்கள். போனது ஒரு தாய்.

ஞானஸ்நானம் கொடுக்கும்போது சாமியார் தொடக்கத்தில் என்ன சொல்கிறார்? கிறிஸ்தவ சமூகம் உன்னைப் பெருமகிழ்ச்சியோடு வரவேற்கிறது என்று சொல்லித்தானே பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் போடுகிறார்? அந்தச் சமூகம் யார்? நாம்தான். அதே தொட்டிப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தோம், பிரியாணி சாப்பிட்டோம். சில மாதம் கழித்து அதே பிள்ளை வாய் திறந்தால் வாசலைக் காட்டுகிறோம்.

"ஏழு வயதுக்குக் கீழே கடன் பூசையே கிடையாது, திருச்சபைச் சட்டம் படித்துப் பாருங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். படித்தேன். 11ஆம் சட்டம் அந்த வயதுப் பிள்ளைக்குக் கடமை இல்லை என்கிறது. வரக்கூடாது என்று எங்கே இருக்கிறது? பிள்ளைக்குக் கடமை இல்லை, தாய்க்கு இருக்கிறதே. அவள் யாரிடம் விட்டுவிட்டு வருவாள்? 1973இல் ரோமிலிருந்து வந்த சிறுவர் பூசை வழிகாட்டியையும் சிலர் காட்டுவார்கள். கைக்குழந்தைகளைத் தனி இடத்தில் வைத்துக் கடைசி ஆசீருக்குக் கூட்டி வரலாம் என்று அதில் இருப்பது உண்மைதான். ஆனால் அங்கே பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் பங்கு மக்கள். நம்மில் யார் "பிள்ளையைக் கொடு, நான் வைத்திருக்கிறேன்" என்று கை நீட்டினோம்?

காது மந்தமான பெரியவர்களுக்குப் பிரசங்கம் கேட்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதற்கு இன்னொரு ஸ்பீக்கர் வைக்கலாம்.

"எங்கள் காலத்தில் பிள்ளைகள் அடங்கி இருந்தார்கள்" என்கிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். நானும் அந்தக் காலத்துப் பிள்ளைதான். பிப்ரவரியில் லூர்து மாதா திருவிழாவுக்கு நியாங்லேபினுக்கு ரயிலில் போவோம். பாய் விரித்துப் பிள்ளைகளைப் போட்டுவிட்டுப் பெரியவர்கள் செபமாலை சொல்வார்கள். அழுகை, சிரிப்பு, மூத்திரம், எல்லாம் அந்தப் பாயில்தான். என் தம்பி வீறிட்டு அழுத ஒரு ராத்திரி, முன்பின் தெரியாத ஒரு ஆயா அவனை வாங்கி மடியில் போட்டுத் தன் செபமாலையைக் கையில் கொடுத்தார். அவன் சிலுவையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே தூங்கிப்போனான். ஆயா செபத்தை நிறுத்தவில்லை, மணிக்குப் பதில் விரலை மடக்கி எண்ணிக்கொண்டார். பிள்ளைகள் அடங்கி இருக்கவில்லை. பெரியவர்கள் தாங்கிக்கொண்டார்கள்.

2017 நவம்பர் 29 அன்று இங்கே யாங்கோன் கியாய்க்கசான் மைதானத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் பூசை வைத்தார். மலைநாடுகளிலிருந்தெல்லாம் கைக்குழந்தையோடு சனம் வந்திருந்தது. யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை. அவரேதான் 2014 ஜனவரியில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் 32 குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது, பசித்தால் இங்கேயே பால் கொடுங்கள் என்று தாய்மாரிடம் சொன்னார். பிள்ளைகளைத் தடுத்த சீடர்கள் மேல் ஆண்டவர் கோபப்பட்டார் என்று மாற்கு 10ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சத்தம் போட்ட பிள்ளைகள் மேல் கோபப்பட்டார் என்று எங்கும் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசுக்குள் வைத்திருக்க முடியவில்லை. பாடகர் குழுவைத் திரும்பிப் பார்த்தீர்களா? 2024இல் கட்டாயப் படைச்சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு வாலிபப் பையன்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஆண் குரலே இல்லாமல் பாடுகிறோம். மீதி இருப்பது இந்தச் சின்னதுகள்தான். அவர்களுக்கும் பள்ளிக்கூடத்தில் பர்மிய மொழி, தெருவில் பர்மிய மொழி, பாதி வீடுகளில் அதுவேதான். "பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே" என்பதை இந்தப் பூசையில் கேட்காவிட்டால் வேறெங்கே கேட்கும்? நாம் துரத்தினால் பக்கத்துத் தெரு ஜெபக் கூட்டத்தில் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து உட்கார வைக்கிறார்கள். அப்புறம் "சபை மாறிட்டாங்க" என்று குறை பேசப்போவதும் இதே வைபர் குரூப்தான்.

நேற்று அவளுக்கு போன் போட்டேன். "பார்க்கிறேன் அக்கா" என்றாள். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பங்குப் பேரவையில் இருக்கிற அண்ணன்மார் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வாசல் காகிதத்தை எடுத்துவிடுங்கள். முன்னால் ஓடுகிற இரண்டு ஃபேனில் ஒன்றைப் பின்வரிசைக்குக் கொண்டுபோய் வையுங்கள். பெரியவனைப் பிடித்துக்கொள்ள நான் இருக்கிறேன். கைக்குழந்தைகளை வாங்கி மடியில் வைத்துக்கொள்ள இன்னும் இரண்டு மூன்று பேர் வேண்டும். தமிழ்ப் பூசைக்கு வருகிற அக்காமார், ஆயாமார் யாராவது முடியும் என்றால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.