முந்தியவருக்கே டிக்கெட் என்பது நியாயமே இல்லை

பட்டமளிப்பு விழாவின் கூடுதல் டிக்கெட்டுகளை நேற்று காலை பத்து மணிக்கு ஒரு லிங்க்கில் திறந்து, முந்தியவருக்கே என்று கொடுத்தது உங்களுக்கெல்லாம் தெரியும். ஆனால் "எல்லோருக்கும் ஒரே லிங்க், ஒரே நேரம், இதில் என்ன பாரபட்சம்?" என்ற ஏற்பாட்டுக் குழுவின் பதிலைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அந்த ஒரே நேரம்தான் பாரபட்சம். வேலைநாளில் காலை பத்து மணிக்கு லிங்க்கைத் திறந்தால், செவிலியர் படிப்பு மாணவிகள் வார்டில் இருப்பார்கள். போனைத் தொடக்கூட முடியாது. பகுதிநேரமாகப் படிப்பவர்கள் வேலையில் இருப்பார்கள். அந்த நேரத்தில் வகுப்பு இல்லாதவரும் வேகமான இணையம் உள்ளவரும் முந்திக்கொள்கிறார்கள். இதற்குப் பெயர் ஆர்வம் இல்லை, வசதி.

குலுக்கல் போடுங்கள். ஒரு நாள் முழுக்கப் பதிய விடுங்கள். இரவு ஷிஃப்ட் முடித்து வருபவரும் பதியட்டும். அப்புறம் எல்லோர் முன்னாலும் குலுக்குங்கள். விம்பிள்டன் டென்னிஸுக்கு 1924 முதல் குலுக்கலில் டிக்கெட் தருகிறார்கள். அதை விடுங்கள், 10-ஆம் நூற்றாண்டு உத்திரமேரூரில் ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்கவே ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். வேண்டியவர் வேண்டாதவர் பார்க்க யாருக்கும் இடம் வைக்கவில்லை.

"தேவையில்லாதவர்களும் பெயர் கொடுப்பார்களே" என்பீர்கள். மாணவர் எண்ணுக்கு ஒரே பதிவு, டிக்கெட்டில் விருந்தினர் பெயர், வராதவரின் இடம் காத்திருப்போர் பட்டியலுக்கு. முடிந்தது. "குலுக்கலில் துரதிர்ஷ்டசாலிக்குக் கிடைக்காதே" என்றும் ஒருவர் கேட்டார். சரி, கிடைக்காது. ஆனால் தன்னை யாரும் ஒதுக்கவில்லை என்று அவருக்குத் தெரியும்.

வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன் என்பவர்களுக்கு: இந்த ஆண்டு எனக்கு டிக்கெட் தேவையே இல்லை. நான் பட்டம் வாங்கியபோது இரண்டு பேருக்குத்தான் அனுமதி. அம்மாவும் அப்பாவும் உள்ளே வந்தார்கள். என்னைப் படிக்க வைத்த பெரியம்மா, "நீங்க போங்க, நான் வெளியில திரையில பாத்துக்கிறேன்" என்றார். மேடை ஏறும்போது பார்க்கிறேன், 'ஒதுக்கப்பட்டவை' என்று தாள் ஒட்டிய முன்வரிசை நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. இன்று நினைத்தாலும் எரிகிறது.

அதனால்தான் கேட்கிறேன். பொதுவில் விடும் முன்பே எத்தனை டிக்கெட் ஒதுக்கப்பட்டது? யாருக்கு? தன்னார்வலர்கள் உழைக்கிறார்கள், அவர்களுக்குச் சில இடங்கள் தருவதில் எனக்கு மறுப்பே இல்லை. அதை முன்கூட்டியே அறிவித்துவிட்டுக் கொடுங்கள். குழுவில் இருப்பவரின் நண்பருடைய நண்பர்வரை உள்ளே போவதும், மற்ற எல்லோரையும் ஒரு லிங்க்கில் ஓட விடுவதும் எப்படி ஒரே நியாயம் ஆகும்?

"ஒரு டிக்கெட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று எழுதிய நண்பரே, வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கும் பிள்ளையைப் பார்க்கத்தான் பலர் அந்த ஒரு டிக்கெட்டைக் கேட்கிறார்கள். உங்கள் வீட்டில் எத்தனை பேர் உள்ளே உட்காரப் போகிறீர்கள்? அதை முதலில் சொல்லுங்கள்.