பயப்பட மனமில்லாதவர்கள் திகில் படத்தை விட்டுவிடுங்கள்

நேற்றிலிருந்து எல்லார் டைம்லைனிலும் ஓடும் அந்த வீடியோவைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்த வீடியோ என்று சொல்லத் தேவையில்லை, என்னை அதில் டேக் செய்தவர்களே அத்தனை பேர். எந்த உயிரின் உருவத்தையும் எடுத்துக்கொள்ளும் வேற்றுக்கிரக உயிரியைப் பற்றிய ஹாலிவுட் திகில் படம், ஜான் கார்பென்டர் இயக்கிய ‘தி திங்’. அதிலிருந்து நாய்க்கூண்டுக் காட்சியையும், மார்பு பிளந்து மருத்துவரின் கைகளைக் கடிக்கும் காட்சியையும் வெட்டியெடுத்து, வேகத்தைக் கூட்டி, சிரிப்புச் சத்தம் சேர்த்து, “இந்த பொம்மைக்கா பயந்தீங்க?” என்று கேட்டிருக்கிறார்கள். தலைப்பில் ‘ரிவ்யூ’ என்று வேறு போட்டிருக்கிறது.

படம் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லட்டும், அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் திகில் படத்துக்கு விமர்சனம் செய்கிறவர் முதலில் பயப்படத் தயாராக உட்கார வேண்டும். விளக்கை அணைத்து, போனைத் தள்ளி வைத்து, முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை. சிரிக்கவென்றே வந்து உட்காருகிறவருக்கு எந்தத் திகில் படமும் சிரிப்பாகத்தான் தெரியும். அதில் படத்தின் தவறு என்ன இருக்கிறது?

அந்த நாய்க்கூண்டுக் காட்சிக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று அவர்கள் காட்டவே இல்லை. அண்டார்டிகாவில் ஓர் ஆராய்ச்சி நிலையம், பன்னிரண்டு ஆண்கள். அங்கே ஒரு நாய் வந்து சேர்கிறது. நடைவழியில் சத்தமில்லாமல் நடக்கிறது, நிற்கிறது, பார்க்கிறது. ஓர் அறைக்குள் நுழைகிறது. சுவரில் ஒரு மனித நிழல் திரும்புகிறது. காட்சி முடிந்துவிடுகிறது. அந்த நிழல் யாருடையது என்று ரசிகர்கள் இன்றும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கூண்டுக்குள் நடப்பது எல்லாம் இந்த அமைதிக்குப் பிறகு வருவதால்தான் உலுக்குகிறது. அமைதியை வெட்டி எறிந்துவிட்டு அலறலை மட்டும் காட்டினால் என்ன மிஞ்சும்?

எங்கள் வீட்டில் இந்தப் படம் ஓடியபோது அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, எங்களிடம் இருந்த டிவிடியில் சப்டைட்டிலும் இல்லை. நாய் நடந்துவரும் இடத்தில் கையை நிறுத்திவிட்டு, “அது நாய் இல்லடா. நாய்னா ஆளைப் பார்த்ததும் வாலாட்டும், இல்லாட்டி குரைக்கும். இது சும்மா பார்க்குது” என்றாள். ஜெட் என்ற அந்த நாய் பாதி ஓநாய். அதன் பார்வையிலேயே கார்பென்டர் கதையைச் சொல்லிவிட்டார், அம்மாவும் அதைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம், சூடாக்கிய கம்பியை ஒவ்வொருவர் ரத்தத்திலும் வைத்து யார் மனிதன், யார் இல்லை என்று பார்க்கிற காட்சி. அம்மா என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்த வீடியோவில் இந்தக் காட்சி கிடையாது. இதை வெட்டிப் போட்டுச் சிரிக்க வைக்க முடியாது, அதனால்தான் விட்டுவிட்டார்கள்.

பொம்மை என்கிறார்கள். பொம்மைதான். கையால் செய்தது. படத்தின் உருவங்களைச் செய்த ஒப்பனைக் கலைஞர் ராப் பாட்டின் அந்த வேலையை எடுத்தபோது அவருக்கு 22 வயதோ என்னவோதான். ஒரு வருடத்துக்கும் மேல் விடுமுறை இல்லாமல் உழைத்து, முடித்த கையோடு மருத்துவமனையில் படுத்தார். நாய்க்கூண்டு உயிரியை மட்டும் செய்து கொடுத்தது ஸ்டான் வின்ஸ்டன் என்ற இன்னொரு கலைஞர். அந்த மார்புக் காட்சிக்காக, இரண்டு கைகளையும் இழந்த ஒருவருக்குப் போலிக் கைகளைப் பொருத்தி, மருத்துவராக நடித்தவரின் சாயலில் முகமூடி போட்டு எடுத்தார்கள். அதைப் பத்து விநாடி ஓடவிட்டுச் சிரிக்கிறீர்கள்.

இந்த அவமானம் அந்தப் படத்துக்குப் புதிதும் இல்லை. 1982 ஜூன் 25 அன்று, ‘பிளேட் ரன்னர்’ வெளிவந்த அதே நாளில் வந்தது. இரண்டு வாரம் முன்னால் வந்திருந்த ‘இ.டி.’யின் அன்பான வேற்றுக்கிரகவாசியை ஊரே கொண்டாடிக்கொண்டிருந்தது. நியூயார்க் டைம்ஸில் விமர்சகர் வின்சென்ட் கேன்பி ‘தி திங்’ படத்தைக் குப்பை என்றே எழுதினார். என்னியோ மோரிகோனேயின் இசை, மோசமானவற்றுக்குத் தரும் ராஸி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. இந்தப் படத்தில் பயன்படாமல் கிடந்த அவருடைய இசைத் துண்டுகள் சில ‘தி ஹேட்ஃபுல் எய்ட்’ படத்தில் வந்தன. அந்தப் படத்தின் இசைக்குத்தான் 2016இல் அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. கார்பென்டர் அடுத்து செய்யவிருந்த ‘ஃபயர்ஸ்டார்ட்டர்’ படம் கையைவிட்டுப் போனது. 1960இல் ‘பீப்பிங் டாம்’ என்ற திகில் படம் எடுத்த பிரிட்டிஷ் இயக்குநர் மைக்கேல் பவல் நிலைமை இன்னும் மோசம். விமர்சகர்கள் துரத்திய துரத்தலில் பிரிட்டனில் அவருடைய திரை வாழ்க்கை ஏறக்குறைய அதோடு முடிந்தது. விமர்சனம் ஒருவர் பிழைப்பில் கை வைக்கும். அதை எழுதுகிறவர் ஒழுங்காக உட்கார்ந்து படத்தைப் பார்த்திருக்க வேண்டாமா?

“எனக்குப் பயம் வரலைன்னு சொல்ல உரிமை இல்லையா?” என்று கேட்பீர்கள். இருக்கிறது. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

“2011இல் வந்த ‘தி திங்’ முன்கதைப் படத்தை நீ மட்டும் கிழிக்கலையா?” கிழித்தேன். முழுதாகப் பார்த்துவிட்டு, காரணத்தோடு கிழித்தேன். படப்பிடிப்புக்காகக் கையால் செய்த உருவங்களைப் பிறகு கணினி வரைகலையால் மூடிவிட்டார்கள், அந்த வேலை கண்ணுக்கு ஒட்டவில்லை என்று எழுதினேன். இதையும் அதையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமே இல்லை.

“பழைய படம், இப்போதைய பிள்ளைகளுக்கு ஒட்டாது” என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். பிள்ளைகளுக்கு முழுப் படத்தையும் காட்டிவிட்டா இதைச் சொல்கிறார்?

“விடுப்பா, வெறும் பேய்ப்படம்தானே” என்று சொன்னவர்களுக்குத்தான் உண்மையில் இந்தப் பதிவு. இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஒரு பத்திரிகையில் என் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தவர், “உருப்படியான படத்தைப் பற்றி எழுதிட்டு வாங்க” என்றார். கட்டுரையைப் படித்தாரா என்று கேட்டேன். தலைப்பு போதும் என்றார். சொந்தக்காரர்கள் வீட்டில் இன்றும் என்னைப் ‘பேய்ப்படம் பார்க்கிறவன்’ என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்கள். குடும்பப் படம் பார்த்து அழுதால் நல்ல ரசிகன். திகில் படம் பார்த்துப் பயந்தால் கோழை, சின்னப் பிள்ளை. ஏன்? அழுகை வருகிற அதே மனதிலிருந்துதானே பயமும் வருகிறது? பயந்தேன் என்று நான்கு பேர் முன்னால் சொல்லத் துணிவில்லாதவர்கள்தான் முந்திக்கொண்டு சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வீடியோவின் கமெண்ட்களில் முக்கால்வாசி அந்தச் சிரிப்புதான்.

இனி என்னை அதில் டேக் செய்யாதீர்கள். படத்தை இன்றிரவு முழுதாகப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று சண்டை போட வருகிறவர்கள் தாராளமாக வாருங்கள். எத்தனை மணி ஆனாலும் பதில் சொல்கிறேன்.