தீவின் சாவி யார் இடுப்பில்?

ஒரு குட்டித் தீவு நாட்டின் சுற்றுலாக் கொள்கை என்னவென்று தெரிய வேண்டுமா? சுற்றுலாத் துறையின் பளபளப்பான அறிக்கையை ஓரமாக வையுங்கள். அந்த ஊர் விமான நிலையத்தின் வருகைப் பலகையைப் பாருங்கள். வாரத்துக்கு எத்தனை விமானம், எங்கிருந்து வருகிறது, ஒவ்வொன்றிலும் எத்தனை இருக்கை. அவ்வளவுதான் கொள்கை. மற்றதெல்லாம் போஸ்டர்.

நிலத்தோடு ஒட்டிய நாட்டுக்கு வாசல்கள் பல. பேருந்தில் வரலாம், ரயிலில் வரலாம், காரை ஓட்டிக்கொண்டே எல்லை தாண்டலாம். நடுக்கடலில் கிடக்கும் தீவுக்குப் பெரும்பாலும் ஒரே ஓர் ஓடுபாதை. அந்த வாசலின் சாவியும் பல நேரம் வேறு நாட்டு விமான நிறுவனத்தின் இடுப்பில் தொங்குகிறது. அதனால்தான் "இவ்வளவு அழகான ஊர், இன்னும் நிறையப் பேரை வரவழைக்கத் தெரியவில்லையே" என்று இந்த அரசுகளுக்கு இலவச ஆலோசனை சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

பசிபிக்கில் இருக்கும் பலாவ் என்ற தீவு நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகை இருபதாயிரத்தைத் தொடாது. 2015ல் அங்கே வந்திறங்கிய பயணிகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் பாதிக்கு மேல் சீனாவிலிருந்து வந்தவர்கள், அதிலும் பெருங்கூட்டம் சார்ட்டர் விமானங்களில், அதாவது மொத்தமாக வாடகைக்கு எடுத்த விமானங்களில். வீட்டில் இருப்பவர்களைப் போல எட்டு மடங்கு விருந்தாளிகள். கேட்பதற்கு யோகம் அடித்த மாதிரி இருக்கும். ஆனால் தண்ணீர்த் தொட்டியும் சாக்கடையும் குப்பைக் கிடங்கும் வீட்டுக்காரர்கள் அளவுக்குத்தானே கட்டப்பட்டிருக்கும்? போதாததற்கு, பேக்கேஜில் வருபவர் பணத்தின் பெரும்பகுதியைக் கிளம்பிய ஊரிலேயே கட்டிவிட்டு வருகிறார். தீவுக்கு மிஞ்சுவது கூட்டமும் குப்பையும் கொஞ்சம் சில்லறையும்.

அப்போது அதிபராக இருந்த டாமி ரெமெங்கெசாவின் அரசு அந்த ஆண்டே ஒரு காரியம் செய்தது. சீனாவிலிருந்து வரும் சார்ட்டர் விமானங்களைப் பாதியாக வெட்டியது. விசாவைக் கடுமையாக்கவில்லை, கடற்கரையில் காவலாளியை நிறுத்தவில்லை. இருக்கையைக் குறைத்தது, அவ்வளவுதான். அடுத்த ஆண்டே கடும் வறட்சி வந்து நெருக்கடி நிலை அறிவிக்க வேண்டி வந்தது. பயணிகள் நீந்திப் பார்க்கவென்றே தேடி வரும் ஜெல்லிமீன் ஏரியில் ஜெல்லிமீன்களே கண்ணில் படாத நிலை. அந்த நேரத்தில் விமானங்களும் பழைய கணக்கிலேயே வந்துகொண்டிருந்தால் குடிநீருக்கு என்ன கதி ஆகியிருக்கும்?

சரி, அரசு வென்றுவிட்டது என்று முடித்துவிட முடியாது. 2017ல் சீனா தன் சுற்றுலா நிறுவனங்களிடம் பலாவுக்குக் குழுப் பயணம் விற்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. காரணம் கடலோ பவளமோ அல்ல. சீனா தன்னுடையது என்று சொல்லும் தைவானைப் பலாவ் தனி நாடாக அங்கீகரிக்கிறது என்பதுதான். ஹாங்காங்குக்குப் பறந்துகொண்டிருந்த பலாவ் பசிபிக் ஏர்வேஸ் 2018ல் சேவையை நிறுத்தியது. வாசலில் பாதியை இவர்களே மூடியபோது அது கொள்கை. மீதியை வெளியிலிருந்து ஒருவர் மூடியபோதுதான் சாவி யாரிடம் இருக்கிறது என்பது தெரிந்தது.

பலாவ் செய்த இன்னொன்று எனக்குப் பிடிக்கும், முதலில் பிடிக்கவில்லை என்றாலும். 2017 டிசம்பரிலிருந்து அங்கே இறங்குபவர்களின் பாஸ்போர்ட்டில் முழுப் பக்கத்துக்கு ஒரு முத்திரை குத்துகிறார்கள். வழக்கமான தேதி முத்திரை இல்லை, ஓர் உறுதிமொழி. பலாவின் குழந்தைகளே என்று விளித்துத் தொடங்குகிறது: உங்கள் தீவில் பார்த்து நடப்பேன், கொடுக்காததை எடுக்க மாட்டேன் என்கிற போக்கில் போகும். அதன் கீழே பயணி கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் உள்ளே. விளம்பர ஏஜென்சியின் மூளை என்றுதான் முதலில் நினைத்தேன், அந்த வாசனை இல்லாமலும் இல்லை. ஆனால் நீண்ட பயணம் முடிந்து குடிவரவு மேசையில் பேனாவைக் கடன் வாங்கி, யாரோ ஊர்க் குழந்தைகளுக்கு வாக்குக் கொடுத்துக் கையெழுத்துப் போடுபவரின் நிலையை யோசியுங்கள். வந்தவர் விருந்தாளி, வீட்டுக்காரர் வேறொருவர் என்பதை வாசலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

பணமும் வாசலிலேயே. 2018 முதல் பலாவுக்குப் போகும் வெளிநாட்டவரின் விமான டிக்கெட்டிலேயே 100 டாலர் சுற்றுச்சூழல் கட்டணம் சேர்ந்துவிடுகிறது. வசூலுக்குத் தனி ஆள் வேண்டாம், கவுன்டர் வேண்டாம், வாக்குவாதம் வேண்டாம். ஆள் குறைவாக இருக்கும் அரசு இப்படித்தான் யோசிக்க வேண்டும். பவளத்தைக் கெடுக்கும் ரசாயனம் கலந்த சன்ஸ்கிரீனுக்கு 2020ல் தடை வந்தது, அதுவும் நல்லதே.

இதற்கு நேர் எதிர்ப் பிரச்சினை இருந்தது தெற்கு அட்லாண்டிக்கில் இருக்கும் பிரிட்டனின் தீவான செயின்ட் ஹெலினாவுக்கு. நெப்போலியனைக் கொண்டுபோய் வைத்த தீவு. அங்கே அப்போது வாசலே இல்லை. நாலாயிரத்துச் சொச்சம் பேர்; வெளியே போக வேண்டுமானால் கேப் டவுனுக்குக் கப்பல்தான் இருந்தது, ஐந்து இரவுகள். பிரிட்டன் சுமார் 28.5 கோடி பவுண்டு செலவில் விமான நிலையம் கட்டிக் கொடுத்தது. ஒரு பள்ளத்தாக்கையே பாறை கொட்டி நிரப்பி அதன் மேல் ஓடுபாதை போட்டார்கள். 2016ல் பெரிய போயிங் ஒன்று சோதனைக்கு வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஓடுபாதையின் ஒரு முனையில் காற்று சட்டென்று திசையும் வேகமும் மாறுகிறது. திறப்பு விழா தள்ளிப்போனது.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1836ல் அந்தத் தீவுக்கு வந்த சார்லஸ் டார்வின் இதையே எழுதி வைத்திருக்கிறார். பெரிய செங்குத்துப் பாறையின் மேல் அவர் நிற்கிறார், சுற்றிலும் காற்றே இல்லை. சில கெஜ தூரத்தில் கடற்பறவைகள் பலத்த காற்றை எதிர்த்துத் திணறுகின்றன. விளிம்புக்குப் போய்க் கையை நீட்டியதும் காற்றின் முழு வேகமும் கையில் அறைகிறது. கையை நீட்டிப் பார்த்தால் தெரிகிற சங்கதி!

2017 அக்டோபரில் ஒருவழியாக ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து சிறிய எம்ப்ரேயர் விமானம் வாரம் ஒரு முறை வரத் தொடங்கியது. அதற்குள் "உலகின் மிகப் பயனற்ற விமான நிலையம்" என்று பத்திரிகைகள் பட்டம் கட்டிவிட்டன.

வெளியார் சாவிக்குப் பயந்து சொந்த விமானம் வாங்கினால் என்ன? வாங்கிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பாஸ்பேட் பணம் கொழித்த காலத்தில் பசிபிக்கின் குட்டித் தீவு நாடான நவ்ரு தன் மக்கள்தொகைக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவில் ஜெட் விமானங்கள் வைத்திருந்தது. பணம் தீர்ந்தது, கடன் ஏறியது. 2005 டிசம்பரில் மிச்சமிருந்த ஒரே விமானத்தையும் கடன் கொடுத்தவர்கள் பறிமுதல் செய்துவிட்டார்கள். அப்புறம் தைவான் உதவியோடுதான் ஒரு விமானம் திரும்ப வந்தது. குக் தீவுகள் வேறு வழி பிடித்தன: லாஸ் ஏஞ்சலஸ் வழித்தடத்தில் ஏர் நியூசிலாந்துக்கு நஷ்டம் வந்தால் அரசு ஈடுகட்டும் என்று ஒப்பந்தம். பல ஆண்டுகள் ஓடியது. காலி இருக்கைக்கு மக்கள் வரிப்பணம் தருவதா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் நவ்ருவின் கதையைப் பார்த்தபின் இது எனக்கு மலிவாகவே தோன்றுகிறது.

மாலத்தீவு விமான நிலையத்தையே வெளியாரிடம் கொடுத்துச் சூடு பட்ட கதை. 2010ல் மாலே விமான நிலையத்தை நடத்த இந்திய நிறுவனமான ஜிஎம்ஆர் தலைமையிலான கூட்டமைப்புடன் ஒப்பந்தம். 2012ல் ஆட்சி மாறியது, அந்த ஆண்டு முடிவதற்குள் ஒப்பந்தம் ரத்து. சிங்கப்பூரில் நடுவர் தீர்ப்பாயம் வரை போய், 2016ல் சுமார் 27 கோடி டாலர் இழப்பீடு. அவ்வளவு சிறிய நாட்டுக்கு அது எவ்வளவு பெரிய தொகை! வாசலை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பதைக் கட்சிச் சண்டைக்கு நடுவே முடிவு செய்தால் இதுதான் நடக்கும்.

அதே மாலத்தீவின் புறப்பாட்டு வரியில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. 2024 டிசம்பரில் கட்டணத்தை ஏற்றியபோது, சாதாரண வகுப்பில் போகும் வெளிநாட்டவருக்கு 50 டாலர் என்று வைத்தவர்கள், சொந்தக் குடிமக்களுக்கு 12 டாலர் என்று விட்டிருக்கிறார்கள். தனி ஜெட்டில் போகிறீர்களா, எடுங்கள் 480. விமானத்தில் கடற்கரை பார்க்க வந்தவர் மட்டும் போவதில்லை, படிக்கவும் வைத்தியம் பார்க்கவும் போகிற உள்ளூர்க்காரரும் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்திருக்கிறார். பயணி எண்ணிக்கையை வைத்து ஒரு தீவின் விமான சேவையை மதிப்பிடுபவர்கள் மறந்துபோவது இவரைத்தான். என்னைக் கேட்டால் அது அவருடைய பேருந்து; சுற்றுலாப் பயணி டீசலுக்குக் காசு கொடுக்கிறார்.

செயின்ட் ஹெலினாவைப் பார்த்து உலகம் சிரித்துக்கொண்டிருந்த அதே 2016ல், பயணிகள் சேவை தொடங்குவதற்கு ஓராண்டுக்கும் முன்பே, அந்தப் "பயனற்ற" ஓடுபாதையில் சின்ன விமானங்கள் வந்து இறங்கி, அவசர சிகிச்சை வேண்டிய நோயாளிகளைத் தென்னாப்பிரிக்காவுக்கு ஏற்றிச் சென்றன. அதற்கு முன்பு அவர்களுக்கு இருந்தது அந்த ஐந்து இரவுக் கப்பல்தான்.