நாய்வண்டிப் பந்தயத்திலிருந்து பள்ளிக்கூடம் எதை எடுத்துக்கொள்ள வேண்டும்?

ஒவ்வொரு மார்ச் மாதமும் அலாஸ்காவில் ஐடிட்டராட் நாய்வண்டிப் பந்தயம் தொடங்கும்போது, அமெரிக்காவின் பல ஆரம்பப் பள்ளிகளும் கூடவே கிளம்பிவிடுகின்றன. பெரிங் கடலோரத்தில் இருக்கும் நோம் நகரம் வரை சுமார் 1,600 கிலோமீட்டர் பனிப்பாதையில் நாய்கள் வண்டியை இழுத்து ஓடுகின்றன. பிள்ளைகள் ஆளுக்கொரு வண்டியோட்டியைத் தேர்ந்தெடுத்து, சுவரில் மாட்டிய வரைபடத்தில் அவர் எங்கே இருக்கிறார் என்று தினமும் குறிக்கிறார்கள். புத்தகம் படித்த நிமிடங்களை மைல் கணக்காக்கி, வகுப்பே சேர்ந்து நோம் போய்ச் சேர்கிறது. பந்தயத்தை நடத்துகிறவர்களே வருடத்துக்கு ஓர் ஆசிரியரைத் தேர்ந்தெடுத்து, பாதை நெடுக அனுப்பி, அங்கிருந்தே பாடங்கள் எழுத வைக்கிறார்கள்.

ஆசிரியர் வேலையில் இருக்கும் எனக்கு இதெல்லாம் ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் இப்படி உருவாகும் பாடங்களில் பல, கடைசியில் ‘விடாமுயற்சி வெற்றி தரும்’ என்ற இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகின்றன. அதைச் சொல்ல அலாஸ்கா வரை போகத் தேவையில்லை. அந்தப் பந்தயத்தின் விதிகளில் அதைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது. களைத்தவரையும் பின்தங்கியவரையும் எப்படி நடத்துவது என்பதை அங்கே சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஓய்வையே பாருங்கள். எவ்வளவு முன்னால் போனாலும் சரி, வழியில் ஓரிடத்தில் 24 மணி நேரம் நின்றே ஆக வேண்டும். அதுபோக எட்டு மணி நேர நிறுத்தம் இரண்டு. பனி நன்றாக இருக்கிறது, நாய்கள் இன்னும் ஓடும் என்றெல்லாம் யாரும் கேட்க முடியாது. நம் பள்ளிகளில் ஓய்வு என்றாலே படிப்பிலிருந்து திருடிய நேரம் மாதிரி பார்க்கிறோம். தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது விளையாட்டு வகுப்புதான்.

அந்த 24 மணி நேரத்துக்குள் அழகான கணக்குப் பாடம் ஒன்றும் இருக்கிறது. ஒரு வண்டியோட்டியும் அவருடைய நாய்களும் சேர்ந்தது ஓர் அணி. அணிகள் இரண்டு நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன. 40 அணிகள் என்றால் முதல் அணிக்கும் கடைசி அணிக்கும் 78 நிமிட வித்தியாசம். அந்த வித்தியாசத்தை நீண்ட ஓய்வில் சரிக்கட்டிவிடுகிறார்கள். முன்னால் கிளம்பியவர் அந்த நிமிடங்களையும் சேர்த்துக் காத்திருக்க வேண்டும். நியாயம் என்றால் என்ன என்று நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்டுவது?

அப்புறம் அந்த நாய்களின் கால்கள். பனிக்கட்டி விரலிடுக்கில் வெட்டாமல் இருக்க ஒவ்வொரு பாதத்துக்கும் துணி உறை மாட்டுகிறார்கள். 16 நாய்கள் என்றால் 64 உறைகள். தங்குமிடத்துக்கு வந்ததும் வண்டியோட்டி போய்ப் படுத்துவிடுவதில்லை. வைக்கோல் பரப்பி, பனியை உருக்கித் தண்ணீர் வைத்து, தீனி கொடுத்து, பாதம் பாதமாகப் பிடித்துப் பார்க்கிறார். கையுறையைக் கழற்றினால்தான் சின்ன வெடிப்பு கூட விரலுக்குத் தட்டுப்படும். அதற்குப் பிறகுதான் அவருக்குச் சாப்பாடும் தூக்கமும். ஒரு நாய் சோர்ந்துவிட்டால் அதை அங்கேயே கால்நடை மருத்துவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, மீதி நாய்களோடு தொடரலாம். ஒரு வகுப்பை வழிநடத்துவதைப் பற்றிப் பயிற்சி முகாம்களில் மணிக்கணக்கில் பேசுகிறோமே, எனக்கு இந்த ஒரு காட்சி போதும்.

முதல் பந்தயம் 1973இல் நடந்தது. வென்ற டிக் வில்மார்த் சுமார் 20 நாளில் நோம் சேர்ந்தார். கடைசியாக வந்த ஜான் ஷுல்ட்ஸுக்கு 32 நாள் ஆனது. கடைசியில் வருபவருக்குச் சிவப்பு லாந்தர் விருது உண்டு. அவர் வந்து சேரும்வரை நோமில் ஒரு விளக்கை எரியவிட்டு வைத்திருப்பார்கள். ஓட்டப் பந்தயத்தில் மூன்றாம் பிள்ளை கோட்டைத் தொட்டதும் கயிற்றைச் சுருட்டிவிடும் பள்ளி ஆண்டுவிழாக்களை நினைத்துப் பார்க்கிறேன்.

சுவர் வரைபடத்தைத் தாண்டிப் போன ஊரும் ஒன்று உண்டு. கோயுகுக் ஆற்றங்கரையில் உள்ள ஹூஸ்லியா, அத்தபாஸ்கன் பழங்குடி மக்களின் சிற்றூர். அந்த ஊர்க்காரர் ஜார்ஜ் அட்லா. சிறுவயதில் காசநோய் வந்து, வருடக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்து, ஒரு முழங்கால் மடக்க முடியாமல் போனவர். அந்தக் காலோடு குறுந்தூர நாய்வண்டிப் பந்தயங்களில் உலகச் சாம்பியன் பட்டத்தைப் பலமுறை வென்றார். 2010இல் மகன் ஃபிராங்கை இளம் வயதிலேயே இழந்தார். அதன்பின் மகன் பெயரில், ஊர்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நாய் பராமரிப்பும் வண்டியோட்டவும் கற்றுத்தரும் திட்டத்தைத் தொடங்கினார். ஊர்ப் பெரியவர்களே அங்கே ஆசிரியர்கள். 2015இல் அட்லா மறைந்தார்.

அலாஸ்காவின் சின்ன ஊர்களில் இளைஞர்களின் தற்கொலை தீராத துயரமாக இருக்கிறது. அங்கே ஒரு பிள்ளைக்கு, காலையில் தன்னை எதிர்பார்த்துக் குரைக்கும் நாய் ஒன்று இருப்பது சாதாரண விஷயமில்லை. தான் போகாவிட்டால் அதற்குச் சாப்பாடு இல்லை என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். பொறுப்பு என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் இது வராது. எங்கிருந்தோ ஒரு விளையாட்டைக் கடன் வாங்காமல், தங்கள் பாட்டன் பூட்டன் கைத்தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவந்தார்கள் என்பதால் எனக்கு ஹூஸ்லியா மேல் தனி மரியாதை.

இந்தப் பந்தயத்தை வகுப்பில் எடுப்பவர்கள் ஒன்றை மறைக்கக் கூடாது. இதில் நாய்கள் இறந்திருக்கின்றன. 2024இல் மட்டும் மூன்று. விலங்குநல அமைப்புகள் பந்தயத்தையே நிறுத்தச் சொல்லிப் பல வருடங்களாகப் போராடுகின்றன. பிள்ளைகள் இதை எப்படியும் கேட்பார்கள். ‘அதெல்லாம் நமக்கு எதற்கு’ என்று ஆசிரியர் நழுவினால், அதுவரை சொன்ன பாதமும் உறையும் பொய்யாகிவிடும். சின்னப் பிள்ளைகளிடம் ‘ஆமாம், சில நாய்கள் இறந்துவிட்டன’ என்று சொல்லி, அவர்கள் கேட்பதற்குப் பதில் சொன்னால் போதும். எட்டாம் வகுப்பு என்றால் விதிகளையே கையில் கொடுத்துவிடலாம். 24 மணி நேர ஓய்வை 36 ஆக்கினால் என்ன மாறும், அணியில் நாய்களைக் குறைத்தால் சுமை எப்படிப் பிரியும், இந்தப் பந்தயம் நடக்கத்தான் வேண்டுமா என்று அவர்களே உட்கார்ந்து வாதாடி எழுதட்டும். நடக்கக் கூடாது என்று முடிவெடுக்கும் பிள்ளைக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள்.