மண்ணைக் கொட்டிவிட்டால் மழை எங்கே போகும்?

ஞாயிற்றுக்கிழமை தெருக் கூட்டத்தில் நடந்ததை நம் குழுவில் ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். நான் கத்தினேன், உண்மைதான். ஏன் கத்தினேன் என்பதை எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு எதிரே கட்டடம் கட்டப்போகும் எட்டு கிரவுண்டு மனையில் நாலடிக்கு மண் கொட்டுகிறீர்களே, இத்தனை வருடம் அங்கே நின்ற தண்ணீர் இனி எங்கே போகும் என்று கேட்டேன். அதைக் கட்டுகிறவர்களின் இன்ஜினியர் தம்பி சொன்ன பதில்: “மேடம், உங்க வீடு பள்ளத்துல இருக்கு. இப்பல்லாம் ஜாக்கி வெச்சுத் தூக்குறாங்களே, நீங்களும் தூக்கிக்கலாமே.” நாலு பேர் சிரித்தார்கள். அதில் இரண்டு பேர் எங்கள் தெருக்காரர்கள்.

எங்கள் வீடு பள்ளத்தில் கட்டிய வீடு இல்லை. 1994இல் அப்பா சென்னை மடிப்பாக்கத்தில் இதைக் கட்டியபோது நான்கு படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். மொட்டை மாடித் தளம் போட்டு முடித்த அன்று மேஸ்திரி ஒரு மூலையில் சொம்புத் தண்ணீரை ஊற்றினார். அது குழாய் வாய்க்குப் போய்ச் சேரும் வரை அப்பா குனிந்தபடியே கூட நடந்தார். ஓரிடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தேங்கியது. கொத்திவிட்டு மறுபடி பூசச் சொன்னார். வாட்டம், அதாவது தண்ணீர் தானாக வடிந்தோட விடும் சரிவு, என்ற சொல்லை நான் கல்லூரியில் படிக்கவில்லை, அன்றைக்கு அங்கே நின்று கற்றுக்கொண்டேன்.

அப்புறம் ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய தாரின் மேலேயே புதுத் தாரைக் கொட்டினார்கள். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டார். அதற்குள் எங்கள் நான்கு படியும் மண்ணுக்குள் போய்விட்டன. இப்போது தெருவிலிருந்து ஒரு படி இறங்கி வீட்டுக்குள் போகிறோம். வீடு இறங்கவில்லை, ஊர் ஏறியிருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அதில் 10 செ.மீ. மழை பெய்தால் 22,000 லிட்டருக்கு மேல். எட்டு கிரவுண்டுக்கு ஒன்றே முக்கால் லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரி பதினைந்து. வெறும் மண்ணாக இருந்தவரை அதில் ஒரு பங்கு இறங்கியது, மீதி அங்கேயே நின்று மெல்ல வடிந்தது. இனி கூரை, சிமெண்ட், பேவர் பிளாக். கிட்டத்தட்ட எல்லாமே உடனே தெருவுக்கு வரும். அதோடு முடியவில்லை. அந்த மனையில் இரண்டடி தண்ணீர் நிற்கும்போது அது ஏறக்குறைய 11 லட்சம் லிட்டரைப் பிடித்து வைத்திருந்தது. அந்த இடத்தை மண் அடைத்துக்கொண்டால் அந்தத் தண்ணீர் எங்கள் வீட்டு ஹாலுக்குத்தானே வரும்?

நான் கேட்டது இதைத்தான். கட்டாதே என்று சொல்லவில்லை. உன் மனையில் பெய்த மழையை உன் மனையிலேயே பிடித்து வை. கார் நிறுத்தும் இடத்துக்கு அடியில் ஒரு தொட்டி, அதிலிருந்து சிறிய குழாய், தெரு வடிகாலில் தண்ணீர் இறங்கிய பிறகு மெல்ல வெளியே விடு. பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை.

மழைநீர் சேகரிப்புக் குழி போடுகிறோமே என்கிறார்கள். 2003இலிருந்து எல்லாக் கட்டடத்துக்கும் அது கட்டாயம், தெரியும். ஆனால் கார்த்திகையில் எங்கள் கிணற்றில் கையை விட்டால் தண்ணீர் தொடும். நிறைந்த பூமிக்குள் குழி வெட்டி ஜல்லி போட்டால் எந்தத் தண்ணீர் இறங்கும்? இங்கே வேண்டியது கொள்ளளவு. இதைச் சொன்னதற்கு “மேடம் மழைநீர் சேகரிப்புக்கே எதிரி” என்று குழுவில் ஒருவர் போட்டிருக்கிறார்.

வடிகால் கட்டுவது அரசாங்கத்தின் வேலை என்பவர்களுக்கு: ஆமாம், அவர்கள் வேலைதான். ஆனால் வடிகால் எங்கே போய் முடிகிறது? இந்தப் பக்கத்துத் தண்ணீர் கீழ்க்கட்டளை ஏரி, நாராயணபுரம் ஏரி, பள்ளிக்கரணை சதுப்புநிலம், ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் என்று சுற்றிக் கோவளம் பக்கம் கடலுக்குப் போக வேண்டும். சதுப்புநிலத்தை 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்த்தபோது எல்லோரும் பெருமையாகப் பகிர்ந்தோம். அதற்குப் போகிற வழியில் இருக்கிற ஒவ்வொரு பள்ளத்தையும் கட்டட இடிபாட்டைக் கொட்டித் தூர்த்துவிட்டு, வாய்க்கால் ஏன் நிரம்புகிறது என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

“நீங்களும் ஏரிப் பக்கத்தில்தானே வீடு கட்டினீர்கள்” என்று ஒருவர். ஐயா, என் அப்பா பட்டா மனை வாங்கி, அனுமதி வாங்கி, மாதச் சம்பளத்தில் கட்டினார். பக்கத்து மனைக்குத் தண்ணீரைத் தள்ளவில்லை. இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று உள்பெட்டியில் வந்தது: “நீங்க சைட் இன்ஜினியரா இருந்தப்போ ஃபில்லிங் போடலையா?” போட்டேன், மண் கொட்டி மனையை உயர்த்தும் வேலைதான் அது. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு வருடம் லோடு எண்ணிக் கையெழுத்துப் போட்டவள் நான். பக்கத்து வீட்டுக்காரர் எங்கே நிற்பார் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. ஒரு சைட்டில் ஒரு பெரியவர் மூன்று நாள் வந்து கேட்டார், மேனேஜரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். அவர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பியை விட முடியவில்லை.

2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. அன்றிரவு எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. கழிவறைக் கோப்பையில் குமிழி விட்டது, அப்புறம் பொங்கியது. அப்பாவைக் கட்டிலோடு தூக்கிச் சாப்பாட்டு மேசை மேல் வைத்தோம். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “வாட்டமெல்லாம் சரியாத்தானே விட்டேன்” என்றார். 2023 மிக்ஜாம் புயலின்போது மறுபடி வந்தது. அப்போது அப்பா இல்லை.

அவர் கட்டிய வீட்டைத்தான் பள்ளம் என்று சொல்லிச் சிரித்தார்கள்.

எதிர்மனையில் காம்பவுண்டுச் சுவர் எழுப்பும் முன் லெவல் எடுத்து, அதாவது தரைமட்டத்தை அளந்து காட்டுங்கள், தொட்டி எங்கே வருகிறது என்று வரைபடத்தில் காட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் தெருவிலிருந்து ஏழு வீடு கையெழுத்துப் போட்டிருக்கிறது. மீதிப் பேர் யோசிக்கிறார்கள்.

நேற்று ராத்திரி இன்னும் நாலு லோடு இறங்கியது. சத்தம் கேட்டு அம்மா எழுந்துவிட்டார். ஐப்பசி பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, காலையில் அரிசி டிரம்மை மாடிக்கு ஏற்றச் சொன்னார்.