நந்தினி கல்கியுடையவள் என்றால், உங்கள் பாத்திரம் உங்களுடையதுதான்

பொன்னியின் செல்வனை வைத்து ஃபேன் ஃபிக்‌ஷன் (பிறர் படைத்த கதையை வைத்து ரசிகர்கள் எழுதும் கதை) எழுதுகிறவர்களிடம் ஒரு கேள்வி தவறாமல் வந்து நிற்கும்: "ஊரும் கல்கியுடையது, ஆட்களும் கல்கியுடையவர்கள். இதில் உன்னுடையது என்ன இருக்கிறது?" கதைக்குள் புதிதாக ஒருத்தியைப் படைத்து உலவவிட்டவர்கள்கூட இதைக் கேட்டதும் குன்றிப்போகிறார்கள். பார்க்கவே வருத்தமாக இருக்கிறது.

கல்கி என்ன செய்தார்? காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடியில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைச் சொல்கிறது. அவர்களுடைய உறவினர்களின் நிலம் பறிபோனதைச் சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்று மட்டும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் கல்கி நந்தினியைக் கொண்டுவந்து நிறுத்தினார். வந்தியத்தேவனாவது தஞ்சைக் கல்வெட்டில் குந்தவையின் கணவராக வருகிறார். நந்தினி, ஆழ்வார்க்கடியான், பூங்குழலி எல்லாரும் கல்கியின் கற்பனை. இன்றைக்கு நந்தினி நிஜமாகவே வாழ்ந்தவள் என்று நம்புகிற வாசகர்கள் எத்தனை பேர்! சோழர் கதையில் உமக்கு என்ன பங்கு என்று கல்கியை யாரும் கேட்பதில்லை.

சரி, வரலாறு பொதுச் சொத்து, நாவல் அப்படியா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கல்கி மறைந்தது 1954-இல். நம் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை. அதற்கு முன்பே தமிழக அரசு அவர் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. ஆகவே வந்தியத்தேவனை யாரும் எழுதலாம். ஆனால் நீங்கள் படைத்துப் பழையாறையில் குடிவைத்த பெண் அந்த நாட்டுடைமைக்குள் வரமாட்டாள். அவளைப் பற்றி நீங்கள் எழுதியது உங்கள் எழுத்து. பதிவு செய்தால்தான் உரிமை என்றும் சட்டம் சொல்லவில்லை.

பெயர் சூட்டிவிட்டால் மட்டும் பாத்திரம் ஆகிவிடாது, அதையும் சொல்ல வேண்டும். குந்தவைக்கு ஒரு தோழி, அவள் பேரழகி, அருள்மொழி அவளைப் பார்த்ததும் மயங்கினான் என்றால் அங்கே இன்னும் யாரும் பிறக்கவில்லை. பூங்குழலியைப் பாருங்கள். அவளுக்கென்று ஒரு படகு, ஒரு கடல், யாரிடமும் கேட்காத ஒரு பிடிவாதம். அவளை எடுத்துவிட்டால் ஈழத்துப் பகுதியே நடக்காது. உங்கள் பெண்ணை எடுத்துவிட்டால் உங்கள் கதை நின்றுபோகிறதா? நின்றுபோனால் அவளைப் படைத்தவர் நீங்கள், தைரியமாகச் சொல்லுங்கள்.

எனக்குக் கோபம் வருவது இன்னொரு விஷயத்தில். ஒருவர் ஃபேன் ஃபிக்‌ஷனில் படைத்த பாத்திரத்தை இன்னொருவர் பெயரும் சொல்லாமல் தூக்கிக்கொண்டு போவது. கேட்டால், "நீங்களே கடன் வாங்கித்தானே எழுதினீர்கள்?" என்று பதில். கல்கிக்குத் தலைப்பிலேயே நன்றி சொல்கிறவர்கள், சக எழுத்தாளரின் பெயரை ஒரு வரியில் எழுத ஏன் மறுக்க வேண்டும்?

இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டெஸ் தொன் கிஹோத்தே (டான் குயிக்சாட்) நாவலின் முதல் பாகத்தை 1605-இல் வெளியிட்டார். 1614-இல் அவெய்யானேதா என்ற புனைபெயரில் யாரோ போலி இரண்டாம் பாகம் எழுதிவிட்டார். செர்வாண்டெஸுக்குக் கடுங்கோபம். 1615-இல் வந்த தன் சொந்த இரண்டாம் பாகத்தில் அந்தப் போலிப் புத்தகத்தை வாய்ப்பு கிடைத்த இடத்திலெல்லாம் சாடினார். அப்புறம் அந்த ஆளே படைத்த அல்வாரோ தார்ஃபே என்ற பாத்திரத்தைத் தன் கதைக்குள் இழுத்துவந்து, "நான் முன்பு பார்த்த தொன் கிஹோத்தே இவரில்லை" என்று ஊர்த்தலைவர் முன்னால் வாக்குமூலம் கொடுக்க வைத்தார். அத்தனை ஆத்திரத்திலும், தார்ஃபே அந்த இன்னொரு புத்தகத்திலிருந்து வந்தவன் என்பதை அவர் மறைக்கவில்லை. கதைக்குள்ளேயே சொல்லிவிட்டார்.

பிரதிலிபி, வாட்பேட் போன்ற இணையத் தளங்களில் எழுதுகிற தம்பி தங்கைகளிடம் நான் கேட்பது இதுதான். கதையின் முதல் அத்தியாயத்துக்கு மேலே யார் யார் கல்கியின் பாத்திரங்கள், யார் யார் உங்கள் பாத்திரங்கள் என்று எழுதிவையுங்கள். வேறொருவருடைய பாத்திரம் வந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள். சம்மதம் கிடைத்தால் அவர் பெயரையும் அங்கேயே போடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், உங்களுக்கென்று ஒருத்தியை நீங்களே படைக்கலாம்.