கழற்றாத டிஸ்க்கைக் கழற்றியாச்சுன்னு ஏன்யா காட்டுறீங்க?

சர்வர் நிர்வாகத் திரையில் ஒரு டிஸ்க்கை “நீக்கப்பட்டது” என்று பச்சையில் காட்டிவிட்டு, எட்டு நாள் நீக்காமல் வைத்திருந்து, மெஷின் ரீசெட் ஆகிற நேரம் பார்த்துப் பிடுங்கிக்கொண்டு போனால் வயிறு எரியுமா எரியாதா?

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் ஆபீஸ். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் கணக்கு சர்வர் எங்களிடம் ஒரு விஎம்மில், அதாவது சாஃப்ட்வேரால் உருவாக்கிய மெஷினில், ஓடுகிறது. போன 10ஆம் தேதி அதை ரீபூட் செய்த கையோடு, வேண்டாத பழைய டிஸ்க் ஒன்றைக் கழற்றச் சொல்லி நிர்வாகத் திரையில் அழுத்தினேன். உடனே பச்சை. பட்டியலிலிருந்தும் டிஸ்க் போய்விட்டது. சரி, வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டேன்.

எங்கே முடிந்தது? ஓடுகிற விஎம்மிலிருந்து டிஸ்க்கைக் கழற்றுவது சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குவது போல இல்லை. விஎம்மை ஓட்டும் மென்பொருளான க்யூஎமுவுக்கு ‘டிவைஸ்_டெல்’ என்ற கழற்றும் கட்டளை போனால், அது ஏசிபிஐ (மெஷினும் ஓஎஸ்ஸும் பேசிக்கொள்ளும் வழி) மூலமாக உள்ளே இருக்கும் லினக்ஸிடம் “அதை விட்டுவிடு” என்று கேட்கும். அவ்வளவுதான். லினக்ஸ் விட்டால்தான் கழலும். கழன்ற பிறகுதான் ‘டிவைஸ்_டெலிடட்’ என்ற தகவல் வரும். நான் அழுத்தியபோது, ரீபூட் முடியாததால், லினக்ஸின் மையமான கெர்னல் இன்னும் எழவே இல்லை. கேட்டது யார் காதிலும் விழவில்லை. கோரிக்கை மட்டும் நிலுவையில் நின்றுவிட்டது.

அன்று ராத்திரி அந்த விஎம்முக்குள் போன எங்கள் ஆபீஸ் தம்பி, விடிபி (லினக்ஸில் அந்த டிஸ்க்கின் பெயர்) அப்படியே இருப்பதைப் பார்த்திருக்கிறான். அண்ணன் மனசு மாறி விட்டுவைத்திருக்கிறார் என்று நினைத்து, இடம் பத்தாமல் இருந்த அந்த மாதத்து பில்களை அதில் போட்டு, பூட் ஆகும்போது எந்த டிஸ்க்குகளை மாட்ட வேண்டும் என்ற பட்டியலான எஃப்எஸ்டேபிலும் எழுதிவிட்டான்.

18ஆம் தேதி ராத்திரி செக்யூரிட்டி அப்டேட், ரீபூட். ரீசெட் ஆனதும் க்யூஎமு நிலுவையில் இருந்ததை முடித்து, டிஸ்க்கை எடுத்துவிட்டது. அதில் தப்பு சொல்ல மாட்டேன். அந்த நொடியில் உள்ளே டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருக்க யாருமே இல்லை, பழைய கோரிக்கையை முடிக்க அதுதான் சரியான நேரம். ஆனால் இடையில் எட்டு நாள் “நீக்கப்பட்டது” என்று நின்றதே, அந்தப் பொய்தான் எங்களைக் கவிழ்த்தது.

19ஆம் தேதி காலை போன். “இன்னா சார், ஒண்ணுமே ஓப்பன் ஆவல, நாளைக்கு ஜிஎஸ்டி கட்டணும் சார்!” கன்சோலைத் திறந்தால், 1 நிமிடம் 30 நொடி விடிபிக்காகக் காத்துப் பார்த்து, முழுதாக எழாமல் எமர்ஜென்சி மோடில் விழுந்து கிடக்கிறது. வெளியே மே மாத வெயில், உள்ளே கரண்ட் இல்லை, யுபிஎஸ் கத்துகிறது. ஸ்டோரேஜில் டிஸ்க் ஃபைல் அழியாமல் கிடந்தது, பிழைத்தோம். தேடி எடுத்துத் திரும்ப மாட்டி, பில்களைச் சரிபார்த்து முடிக்க மதியம் 3 மணி.

“கேட்டிருக்கிறேன், இன்னும் கழலவில்லை” என்று ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? ‘டிவைஸ்_டெலிடட்’ வரும்வரை டிஸ்க்கைப் பட்டியலிலேயே வைத்து, பக்கத்தில் மஞ்சளாக ஒரு புள்ளி. தகவல்தான் க்யூஎமு தருகிறதே, அதைக் கேட்டு வாங்கிக் காட்டக்கூடவா கஷ்டம்?

காரணம் தெரிவதற்கு முன்னால் அந்தத் தம்பியை அரைமணி நேரம் திட்டினேன். “நான் பார்க்கும்போது இருந்துச்சுண்ணே” என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் சொன்னது நிஜம்.